வீல்சேரோடு பெரிய ஏர்போர்ட்டைக் கடப்பது எப்படி: சென்னையிலிருந்து துபாய் வழியாக லண்டன் வரை

அக்காவோடு முதல்முறை விமானம் ஏறியபோது நான் செய்த தவறு ஒரே ஒரு டிக். டிக்கெட் போடும் பக்கத்தில் ‘வீல்சேர் தேவை’ என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் செய்தேன், வேலை முடிந்தது என்று மூடிவிட்டேன். இறங்கிய ஊரில் விமானம் கட்டடத்தோடு ஒட்டாமல் தூரமாகப் போய் நின்றது. கதவுக்கு வெளியே படிக்கட்டு. கீழே ஒருவர் வீல்சேரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். “படி இறங்கி வந்துடுவாங்கன்னுதான் சார் எங்களுக்கு வந்திருக்கு” என்றார்.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. நாற்பது வயது வரை காலிப்பரும் (காலில் மாட்டும் தாங்கி) ஊன்றுகோலுமாக நடந்தவள், இப்போது முழுநேரமும் சேரில்தான். படியாவது, இறங்குவதாவது. தூக்கி இறக்கும் வண்டி வருவதற்கு ஐம்பது நிமிடம் ஆனது. அதுவரை துப்புரவுப் பணியாளர்கள் எங்களைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். “டேய், இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா என்னையும் சேர்த்துக் கூட்டிடுவாங்க” என்றாள்.

அதற்கப்புறம் பல பயணங்கள் போய் வந்துவிட்டோம். அவள் மகள் லண்டனில் இருப்பதால் சென்னை, துபாய், லண்டன் வழிதான் அதிகம். இத்தனை நாளில் புரிந்துகொண்டது: பெரிய ஏர்போர்ட்டில் சேரைத் தள்ளுவது ஒரு வேலையே இல்லை. தரை வழவழவென்று இருக்கும், எல்லா மாடிக்கும் லிஃப்ட் உண்டு. வம்பெல்லாம் ஆளும் சேரும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடங்களில்தான். டிக்கெட் போட்டவரிடமிருந்து கவுண்டருக்கு, கவுண்டரிலிருந்து கேட்டுக்கு, கேட்டிலிருந்து சரக்கு ஏற்றுகிறவருக்கு, அங்கிருந்து அடுத்த நாட்டில் முகம் தெரியாத ஒருவருக்கு. கூடப் போகிறவர் விழிப்பாக இருக்க வேண்டியது இந்த இடங்களில்தான். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

டிக்கெட்டில் ஏறும் அந்தக் கடைசி எழுத்து

உலகம் முழுவதும் விமான நிறுவனங்கள் வீல்சேர் உதவியை மூன்று குறியீடுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மூன்றும் ‘டபிள்யூசிஎச்’ என்றுதான் தொடங்கும். கடைசி எழுத்துதான் முக்கியம்.

‘ஆர்’ என்று முடிந்தால், இவருக்கு நெடுந்தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறி இறங்குவார், விமானத்துக்குள் நடப்பார். ‘எஸ்’ என்றால் படி முடியாது, உள்ளே சீட் வரைக்கும் தானே நடந்துவிடுவார். ‘சி’ என்றால் நடக்கவே முடியாது, சீட்டில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

ஆன்லைனில் போடும் டிக், ஏஜென்ட் போடும் பதிவு இரண்டுமே பெரும்பாலும் ‘ஆர்’ ஆகத்தான் போய் விழும். எங்களுக்கு நடந்தது அதுதான். அதனால் டிக்கெட் போட்ட அன்றே விமான நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். “வீல்சேர் போட்டிருக்கா?” என்று கேட்டால் “போட்டிருக்கு” என்று சொல்லி வைத்துவிடுவார்கள். “என் பிஎன்ஆரில் என்ன கோடு இருக்கு, எழுத்து எழுத்தாப் படிங்க” என்று கேளுங்கள். சென்னை–துபாய்க்கு ஒருமுறை, துபாய்–லண்டனுக்கு ஒருமுறை, திரும்பி வரும் இரண்டுக்கும் தனித்தனியாக. பாதி வழியில் வேறு நிறுவனத்தின் விமானம் என்றால் அவர்களையும் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். ஒருவர் கம்ப்யூட்டரில் ஏற்றியது இன்னொருவர் கம்ப்யூட்டருக்கு அப்படியே போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம்.

இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, டிக்கெட் போடும்போதோ, குறைந்தது 48 மணி நேரம் முன்போ தேவையைச் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் அதே 48 மணி நேரம்தான். இந்த உதவிக்குக் கட்டணம் கிடையாது. நிரந்தர ஊனம், மற்றபடி உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் டாக்டர் சான்றிதழும் பொதுவாகத் தேவையில்லை. சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர், விமானத்தில் ஆக்சிஜன் தேவைப்படுகிறவர் ஆகியோருக்குத்தான் மருத்துவப் படிவம் கேட்பார்கள். ஏதோ ஒரு கவுண்டரில் தெரியாமல் கேட்டு வைப்பார்கள் என்பதற்காக, அக்காவின் ஊனமுற்றோர் அடையாள அட்டையின் நகலை நான் எப்போதும் பையில் வைத்திருப்பேன்.

இடையில் ஒன்று. அமெரிக்காவுக்கும் லண்டனுக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்களில் பலர் வீல்சேர் கேட்பது காலுக்காக இல்லை. இங்கிலீஷ் பேச வராது, டிரான்சிட்டில் தொலைந்துவிடுவோமோ என்ற பயம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பயம் நிஜம். ஆனால் அதற்கென்றே வேறு குறியீடு இருக்கிறது: ‘எம்ஏஏஎஸ்’, அதாவது மீட் அண்ட் அசிஸ்ட். ஒருவர் கூடவே வந்து வழிகாட்டுவார், சேர் வராது. தருகிறார்களா என்று முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். ஒரே விமானத்துக்கு இருபது முப்பது சேர் கேட்கப்படும்போது, உண்மையிலேயே அடி எடுத்து வைக்க முடியாதவர் வரிசையில் கடைசியாகப் போய்விடுகிறார்.

டிரான்சிட் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்றரை மணி நேர இணைப்பு நடக்கிறவர்களுக்குச் சரி. வீல்சேர் பயணி கடைசியாகத்தான் இறங்க முடியும். அதிலேயே அரை மணி, முக்கால் மணி போய்விடும். நான் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து எடுப்பதில்லை. இரண்டு டிக்கெட்டாக உடைத்து வாங்காமல் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். அப்போதுதான் இணைப்பு விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பாகும்.

சீட்டைப் பொறுத்தவரை, முன்சுவரை ஒட்டிய வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கும், ஆனால் அங்கே கைப்பிடி மேலே எழும்பாது. கைப்பிடி எழும்பினால்தான் விமானத்துக்குள் கொண்டுபோகும் ஒல்லியான சேரிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து சீட்டுக்கு மாற முடியும். “கைப்பிடி தூக்குற மாதிரி சீட், டாய்லெட் பக்கத்துல” என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். அவசர வழி வரிசையில் எப்படியும் உட்கார விடமாட்டார்கள்.

எலெக்ட்ரிக் சேர் என்றால் முதலில் பேட்டரி

சாதாரணக் கைச்சேர் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

லித்தியம் பேட்டரியின் அளவைக் கணக்கிட வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 240 வாட்-அவர். சேரிலிருந்து கழற்றும் வகை என்றால் ஒரு பேட்டரி 300 வாட்-அவருக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பேட்டரியில் ஓடும் சேர் என்றால் ஒவ்வொன்றும் 160-க்குள் இருக்க வேண்டும். கழற்றிய பேட்டரி சரக்கோடு போகக்கூடாது, கையோடு கேபினுக்குள்தான் வர வேண்டும். முனைகளில் டேப் ஒட்டி, தனிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே விற்கும் மடக்குச் சேர்கள் சிலவற்றில் 24 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் பேட்டரி வருகிறது. பெருக்கிப் பாருங்கள், 480. கழற்றிக் கொண்டுபோக முடியாது. ஒருமுறை சார்ஜ் போட்டால் இருபது கிலோமீட்டர் ஓடும் என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்கிவிட்டு, ஏர்போர்ட் கவுண்டரில் முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விமானம் ஏறும் எண்ணம் இருந்தால் வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

சேரோடு பொருத்தப்பட்டு, கழற்றாமலே பத்திரமாக இருக்கும் வகைக்கு இந்த 300 வரம்பு இல்லை. ஆனால் தற்செயலாக ஓடிவிடாதபடி மின்சாரத்தைத் துண்டித்திருக்க வேண்டும். எந்த வகையானாலும் சேரின் நீளம், அகலம், உயரம், எடை, பேட்டரி விவரம் எல்லாவற்றையும் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பி, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிறிய விமானங்களில் சரக்கறைக் கதவு குள்ளம். உயரமான சேரைச் சாய்த்துத்தான் உள்ளே தள்ளுவார்கள். ஜாய்ஸ்டிக் உடைவது பெரும்பாலும் அப்போதுதான்.

முந்தின நாள் ராத்திரி

சேரைக் கூடத்தில் நிறுத்தி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். சக்கரம், பிரேக், ஃபுட்ரெஸ்ட் எல்லாம் தெரிய வேண்டும். ஏதாவது உடைந்து வந்தால் ‘போகும்போது நன்றாக இருந்தது’ என்பதற்கு இதுதான் சாட்சி.

அப்புறம், கையால் கழற்றினால் வருவதெல்லாம் வழியிலும் கழன்று விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குஷன், ஃபுட்ரெஸ்ட், பக்கத் தகடு எல்லாவற்றையும் போட ஒரு பெரிய துணிப்பை எடுத்து வையுங்கள். சேரைக் கொடுக்கும் நிமிடத்தில் கழற்றிப் பையில் போட்டு உள்ளே எடுத்துப் போய்விட வேண்டும். சேரின் திருகுகளை முறுக்கும் ஆலன் கீ செட்டைப் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் இருந்தால் செக்யூரிட்டியில் பிடுங்கிக்கொள்ளக்கூடும். நாலு கேபிள் டை மட்டும் கைப்பையில்.

நாங்கள் ஒரு அட்டை செய்திருக்கிறோம். ஏ4 தாளில் இங்கிலீஷில் பெரிய எழுத்து, லேமினேட் செய்து சேரின் முதுகில் கட்டியது: இங்கே பிடித்துத் தூக்கவும், இங்கே பிடிக்காதீர்கள், இப்படி மடக்கவும், விமானக் கதவில் திருப்பித் தரவும். வார்த்தையைவிட அம்புக்குறி போட்ட படம் அதிகம் உதவும். பின்னே, சரக்கு ஏற்றுகிறவர் ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று பத்தியா படிக்கப்போகிறார்?

டயரில் காற்றை இறக்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். இந்த விமானங்களில் சரக்கறையிலும் காற்றழுத்தம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும், இறக்கத் தேவையில்லை. காற்றடைத்த குஷன்தான் கவனிக்க வேண்டியது. மேலே போனதும் உப்பிக் கல் மாதிரி ஆகிவிடும், கொஞ்சம் காற்றை விட வேண்டும். தரை இறங்கியதும் மறக்காமல் திரும்ப ஊதுங்கள். தொய்ந்த குஷனில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் புண் வரும்.

சென்னையில்: உங்கள் சேரை எங்கே விடுவது

சர்வதேச விமானங்கள் 2023 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்ட புது முனையத்திலிருந்து போகின்றன. நான்கு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வாசலில் பாஸ்போர்ட், டிக்கெட் பார்ப்பது சிஐஎஸ்எஃப், அதாவது மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை. அதைத் தாண்டிச் செக்-இன் கவுண்டருக்குப் போனதும் முதல் கைமாற்றம் வந்துவிடும்.

“மேடத்தை எங்க சேர்ல மாத்திடுங்க, இதை இங்கேயே லக்கேஜ்ல போட்டுடறோம்” என்பார்கள். அவர்களுக்கு அது சுலபம். உங்களுக்கு இல்லை. ஏர்போர்ட் சேரில் பெரிய பின்சக்கரம் இருக்காது. நாலும் சின்னச் சக்கரம், யாராவது தள்ளினால்தான் நகரும். வீட்டில் தன் கையால் சேரை ஓட்டி அடுக்களைக்கும் வாசலுக்கும் போய்வருகிற ஆளை அதில் உட்கார வைத்தால், அந்த நிமிடமே அவர் பொட்டலம் ஆகிவிடுகிறார். தண்ணீர் வேண்டுமென்றாலும், திரும்பிப் பார்க்க வேண்டுமென்றாலும் இன்னொருவர் வர வேண்டும். உடம்புக்கு ஏற்ற குஷனும் இல்லை.

“விமானக் கதவு வரைக்கும் சொந்தச் சேர்லதான் வருவாங்க” என்று மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். சேருக்கு டேக் போடுவார்கள். அதில் ‘டெலிவரி அட் ஏர்கிராஃப்ட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஒரு கேள்வி, நிறையப் பேர் மறந்துவிடுவது: சேர் துபாயில் கைக்கு வருமா, நேராக லண்டனுக்குப் போய்விடுமா? டேக்கில் எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அங்கேதான் வரும். டிரான்சிட் மூன்று மணி நேரத்துக்கு மேல் என்றால் துபாயிலேயே கேட்டு வாங்குங்கள். இரண்டு மணி நேரம்தான் என்றால், சேர் இறங்கி மறுபடி ஏறுவதற்குள் தவறிப்போகும் வாய்ப்பு இருப்பதால், லண்டனிலேயே வரட்டும் என்று விடுவது நல்லது.

இதே கவுண்டரில் இன்னொன்றும் கேளுங்கள்: விமானம் ஏரோபிரிட்ஜில், அதாவது கட்டடத்தோடு இணைக்கும் பாலத்தில், நிற்கிறதா, பஸ்ஸில் போக வேண்டுமா? பஸ் என்றால் தூக்கி வைக்கும் வண்டி, அதாவது ஆம்புலிஃப்ட், வேண்டுமென்று அங்கேயே சொல்லிவிடுங்கள். கேட்டில் போய்ச் சொன்னால் காத்திருப்புதான்.

செக்யூரிட்டியில் பெண்களைப் பெண் காவலர்தான் திரையிட்ட இடத்தில் வைத்துச் சோதிப்பார். எழுந்து நிற்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். கைக்கருவியாலும் கையாலும் தடவிப் பார்ப்பார்கள், சேரை ஒரு துணித்துண்டால் துடைத்து வெடிமருந்துச் சோதனை செய்வார்கள். காலிப்பர் போட்டிருந்தாலோ உடம்பில் தகடு இருந்தாலோ அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அங்கே ஒரு பெண் காவலர் என்னைப் பார்த்து, “இவங்க கையைத் தூக்குவாங்களா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, “இவங்க கையையும் தூக்குவாங்க, வாயும் பேசுவாங்க” என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, அதன்பிறகு எல்லாவற்றையும் அவளிடமே கேட்டார். கூடப் போகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். கேள்வி உங்களிடம் வந்தாலும் பதில் உங்களுடையது இல்லை. “அவங்களையே கேளுங்க” என்று சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். நம் வேலை அந்த நேரத்தில் வேறு: பைகள். அவளைத் திரைக்குள் கூப்பிடும் வரை பைகளைப் பெல்ட்டில் போடாதீர்கள். போட்டுவிட்டுக் காத்திருந்தால் பை அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம்.

கதவருகே: ஒண்ணு, ரெண்டு, மூணு

வீல்சேர் பயணிகளைத்தான் முதலில் ஏற்றுவார்கள். விமானக் கதவு வரை சொந்தச் சேர். அங்கே ஒல்லியான ஒரு சேர் வரும், ஐல் சேர் என்பார்கள். நடைவழிக்குள் நுழைகிற அகலம்தான், நெஞ்சுக்கும் காலுக்கும் வார் உண்டு. அதற்கு மாறுவதும், அதிலிருந்து சீட்டுக்கு மாறுவதும்தான் உடம்புக்கு ஆபத்தான இரண்டு நிமிடங்கள்.

தூக்க வருகிற இரண்டு பேருக்கும் அனுபவம் இருக்கும், ஆனால் இந்த உடம்பு அவர்களுக்குப் புதிது. அக்கா முதலில் அவர்களை நிறுத்துவாள். பின்னால் ஒருவர், அக்குள் வழியாகக் கைவிட்டு, மார்பின் குறுக்கே மடித்து வைத்த அவளுடைய முன்கைகளைப் பிடிக்க வேண்டும். முன்னால் ஒருவர், முட்டிக்கு மேலே தொடைக்கு அடியில். கணுக்காலைப் பிடித்து இழுக்கக்கூடாது. சேலை வேண்டாம், சல்வாரோ பேன்ட்டோதான் வசதி. சேலையில் தூக்கினால் வழுக்கும், விலகும். “எண்ணுறது நான். மூணு சொன்னாத்தான் தூக்கணும், ரெண்டுல தூக்கக்கூடாது.” ஒண்ணு, ரெண்டு, மூணு. முடிந்தது. ஒருமுறை அவள் எண்ண மறந்து பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் தூக்கிவிட்டார்கள். தோள்பட்டை வலி ஒரு வாரம் இருந்தது.

அவள் மாறிக்கொண்டிருக்கும்போது சேர் அநாதையாக நிற்கும். கூட ஒருவர் மட்டும் போகிறோம் என்றால் இதுதான் சிக்கலான நேரம். அவளை உட்கார வைக்கும் வரை சேரை யாரும் எடுக்க வேண்டாம் என்று சொல்லி, பிறகு நீங்களே கதவுக்குத் திரும்பி வாருங்கள். குஷன், ஃபுட்ரெஸ்ட் எல்லாம் பைக்குள். எடுக்க வருகிறவரிடம் அட்டையைக் காட்டி, ஒருமுறை மடக்கி விரித்துக் காட்டுங்கள். அரை நிமிட வேலை. கதவு மூடும் முன் விமானப் பணிப்பெண்ணிடம், “எங்க சேர் ஏறிடுச்சான்னு கேட்டுச் சொல்லுங்க” என்று கேளுங்கள். நான் கேட்டவர்களில் யாரும் முகம் சுளித்ததில்லை.

தண்ணீரும் டாய்லெட்டும்

இதை யாரும் எழுதுவதில்லை. அக்கா முன்பெல்லாம் பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவாள். சேரில் இருக்கும் பெண்கள் பலர் இதைச் செய்கிறார்கள். சென்னை–துபாய் நான்கு மணி நேரம், துபாய்–லண்டன் சுமார் ஏழரை மணி நேரம். அசையாத கால், வறண்ட உடம்பு. ரத்தம் கட்டிக்கொள்ள இதைவிட வசதி வேண்டாம். சிறுநீர்த் தொற்று வேறு. டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள், காலுறையா மருந்தா என்பதை அவர் சொல்வார்.

இரண்டு நடைவழி உள்ள பெரிய விமானங்களில் உள்ளேயே ஒரு சின்ன மடக்குச் சேர் வைத்திருப்பார்கள். டிக்கெட் போடும்போதே அது இருக்கிறதா என்று கேட்டு வைக்கலாம். பணிப்பெண்கள் டாய்லெட் கதவு வரை தள்ளி வருவார்கள். தூக்கவோ, உள்ளே உதவவோ மாட்டார்கள். அது துணைக்கு வருகிறவர் வேலை. அதனால் அக்காவோடு நான் மட்டும் போவதை விட்டுவிட்டோம், இப்போது என் மனைவியும் வருகிறாள். அப்படி ஆள் இல்லையென்றால் டயப்பர் போட்டுக்கொள்வதில் ஒரு கூச்சமும் வேண்டாம். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த உடனே கூட்டம் கூடும். அதற்கு முன்பே போய்வந்துவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி அழுத்தத்தை மாற்ற வேண்டும். அவள் போனில் அலாரம் வைத்துக்கொள்வாள், பக்கத்து சீட்டுக்காரர் விழித்துப் பார்ப்பார்.

இறங்குவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள்: ஐல் சேர் வேண்டும், சொந்தச் சேர் கதவுக்கு வர வேண்டும், கீழே தகவல் அனுப்புங்கள்.

துபாய்: தொலைந்துபோகாமல் இருப்பது

துபாய் ஏர்போர்ட் 2024-ல் மட்டும் 9 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளைக் கையாண்டது. மூன்றாவது முனையத்தில் ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள். ஏ பகுதிக்கு ரயிலில் போக வேண்டும். இறங்கியது ஒன்றில், ஏறுவது இன்னொன்றில் என்றால் லிஃப்ட், ரயில், இன்னொரு லிஃப்ட், நடுவில் மறுபடி ஒரு செக்யூரிட்டி. இறங்கியதும் போர்டைப் பார்த்து அடுத்த கேட்டின் எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட் மாறுவதும் சகஜம்.

பெரிய டிரான்சிட் ஏர்போர்ட்டுகள் எல்லாவற்றிலும் ஒரு வழக்கம் உண்டு. உதவியாளர் உங்களைத் தள்ளிக்கொண்டு போய், வீல்சேர் பயணிகளுக்கான காத்திருப்பு இடத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு அடுத்த விமானத்துக்குப் போய்விடுவார். கேட் திறந்ததும் வேறொருவர் வருவார் என்பது ஏற்பாடு. வேறொரு ஊரில், வேறொரு பயணத்தில், எங்கள் பெயர் எழுதிய தாள் ஷிஃப்ட் மாறும்போது எங்கேயோ போய்விட்டது. கேட் மூட இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போது நான்தான் தள்ளிக்கொண்டு ஓடினேன். சொந்தச் சேர் கையில் இருந்ததால் ஓட முடிந்தது. அவர்கள் சேர் என்றால் அதற்கும் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றிருப்போம்.

அதனால்: நிறுத்திவிட்டுப் போகிறவரிடம் எத்தனை மணிக்கு, யார் வருவார்கள் என்று கேளுங்கள். அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே கவுண்டரில் போய் நில்லுங்கள். பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் உதவியாளர் கையில் இருந்தால் திருப்பி வாங்கி அவரவர் கழுத்துப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி வண்டியில் ‘அவங்க மட்டும் வரட்டும், நீங்க நடந்து வாங்க’ என்றால் சம்மதிக்காதீர்கள். முதல் வேலையாக டாய்லெட், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

சேர் வரவில்லை என்றால் காத்திருங்கள். பொறுமை போய், ‘கொஞ்ச தூரம்தானே’ என்று நடக்க முடியாதவர் நடக்கக்கூடாது. 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பை வந்த 80 வயது முதியவரும் மனைவியும் ஆளுக்கொரு சேர் பதிவு செய்திருந்தார்கள். வந்தது ஒன்றுதான். அதை மனைவிக்குக் கொடுத்துவிட்டு அவர் நடந்தார். இமிக்ரேஷன் பகுதியில் சரிந்து விழுந்து இறந்துபோனார். அந்த விமான நிறுவனத்துக்கு டிஜிசிஏ 30 லட்ச ரூபாய் அபராதம் போட்டது.

ஹீத்ரோவும், உடைந்த சேரும்

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் தரையில் இந்த உதவியைத் தர வேண்டியது விமான நிறுவனம் இல்லை, ஏர்போர்ட் நிர்வாகம். ஐரோப்பாவின் 2006-ஆம் ஆண்டு விதியிலிருந்து வந்த ஏற்பாடு இது. அதனால் ஆள் வரவில்லை என்றால் ஏர்போர்ட்டிடமும், சேர் உடைந்தால் விமான நிறுவனத்திடமும் புகார் செய்ய வேண்டும். அமெரிக்காவில் கதையே வேறு. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டுக்கும் விமான நிறுவனம்தான் பொறுப்பு. அங்கே தகராறு வந்தால் ‘சிஆர்ஓ’வைக் கூப்பிடுங்கள் என்று மூன்றெழுத்தைச் சொன்னால் போதும். புகார் தீர்க்கும் அதிகாரி அவர், ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருந்தாக வேண்டும். அமெரிக்க ஏர்போர்ட் செக்யூரிட்டிக்கு ‘டிஎஸ்ஏ கேர்ஸ்’ என்ற உதவி எண்ணில் 72 மணி நேரம் முன்பே பேசி வைக்கலாம்.

லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டில் இறங்கும்போது “உங்க சேர் பெல்ட்டுக்கு வந்துடும், இப்ப எங்க சேர்ல வாங்க” என்று சொன்னால், சீட்டை விட்டு நகராமல் கேளுங்கள்: டேக்கில் விமானக் கதவு என்றுதானே இருக்கிறது? பல நேரம் இந்த ஒரு கேள்விக்கே சேர் மேலே வந்துவிடும். வராவிட்டால் பெல்ட் பக்கம் போய் வாங்குவதைத் தவிர வழியில்லை. சண்டையில் இமிக்ரேஷன் நேரமும் போய்விடும்.

சேர் வந்ததும் உட்காராதீர்கள். முதலில் காலியாக நாலு அடி தள்ளிப் பாருங்கள். நேராகப் போகிறதா, இழுக்கிறதா? பிரேக் பிடிக்கிறதா? முன்சக்கரம் ஆடுகிறதா? ஏதாவது கோளாறு என்றால் போட்டோ எடுத்து, அங்கேயே விமான நிறுவனத்தின் லக்கேஜ் கவுண்டரில் புகார் எழுதி எண் வாங்காமல் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரக்கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால், 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சர்வதேசப் பயணத்தில் அவர்கள் தரும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியம் வைத்திருக்கும் கணக்கு நாணயம். சாதாரணச் சேருக்கு இது போதும். பல லட்சம் போட்டு வாங்கிய எலெக்ட்ரிக் சேருக்குப் போதாது. அப்படிப்பட்ட சேர் என்றால் செக்-இன் நேரத்திலேயே அதன் மதிப்பைச் சிறப்பாக அறிவித்து வரம்பை உயர்த்தக் கேட்க உடன்படிக்கையில் வழி இருக்கிறது. அதற்குக் கட்டணம் கேட்கலாம். கவுண்டரில் இருப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம், மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வெளியே வந்த பிறகு லண்டன் சுலபம். கறுப்பு டாக்சிகள் எல்லாவற்றிலும் சாய்தளம் உண்டு, சேரோடு அப்படியே ஏறிவிடலாம். ஹீத்ரோவின் எலிசபெத் லைன் ரயில் ஸ்டேஷன்களில் படி ஏறாமலே ரயிலுக்குப் போய்விடலாம்.

திரும்பிச் சென்னையில் இறங்கும்போதுதான் அந்த வசதி இல்லாதது உறைக்கும். ஆப்பில் கார் கூப்பிட்டால் டிரைவருக்கு உடனே போன் செய்து, “டிக்கியில சிலிண்டர் இருக்காண்ணே?” என்று கேளுங்கள். சிஎன்ஜி வண்டியில் டிக்கியைப் பாதிக்கு மேல் சிலிண்டர் அடைத்திருக்கும், மடக்கிய சேர்கூட உள்ளே போகாது. மேலே கேரியர் இருந்தால் கயிறு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.